ஊனோவும் இஎஸ்பி32-உம் பேச மறுத்தால்: சீரியல் இணைப்பில் பிழை தேடும் முறை

ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டு சென்சார்களைப் படிக்கிறது. வைஃபை உள்ள இன்னொரு போர்டான இஎஸ்பி32 அந்த அளவுகளை சீரியல் முறையில், அதாவது ஒரே வயரில் பிட் பிட்டாக, வாங்கி வைஃபை வழியாக அனுப்ப வேண்டும். நடுவில் மூன்றே வயர். புராஜெக்ட் செய்பவர்கள் அடிக்கடி சேர்க்கும் ஜோடி இது. அடிக்கடி மக்கர் செய்யும் ஜோடியும் இதுதான். ஊனோ ஓடுவது 5 வோல்ட்டில், இஎஸ்பி32 ஓடுவது 3.3 வோல்ட்டில். ஊனோவில் இருப்பது ஒரே ஒரு சீரியல் போர்ட், அதையும் யுஎஸ்பி பிடித்துக்கொண்டிருக்கிறது. இஎஸ்பி32-இல் மூன்று இருக்கின்றன, ஆனால் எது எந்தப் பின்னில் என்பதில் குழப்பம்.

டேட்டா வரவில்லை என்றதும் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது புரோகிராமில். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் வயர், பிறகு வோல்டேஜ், பிறகு வேகம், அதன் பிறகுதான் புரோகிராம். ஒன்று சரி என்று அளந்து தெரிந்துகொள்ளாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றவும் கூடாது. மாற்றினால், சரியான பிறகும் எதனால் சரியானது என்று தெரியாது.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 1 கிலோஓம் ரெசிஸ்டர் நான்கு, பிரெட்போர்டு, புதிய ஜம்பர் வயர்கள். எட்டு சேனல் கொண்ட 24 மெகாஹெர்ட்ஸ் யுஎஸ்பி லாஜிக் அனலைசர் இருந்தால் பாதி வேலை மிச்சம். விலை குறைந்த மாடலே போதும். பல்ஸ்வியூ என்ற இலவச மென்பொருளோடு அது வேலை செய்யும்.

சரியான வயரிங் எது

ஊனோவின் 0, 1 பின்களை இந்த வேலைக்குத் தொடாதீர்கள். அவைதான் யுஎஸ்பி வழியே கம்ப்யூட்டரோடு பேசும் பின்களும். யுஎஸ்பி சிப்புக்கும் மைக்ரோகன்ட்ரோலருக்கும் நடுவே போர்டிலேயே 1 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. அதனால் வெளியிலிருந்து 0-ஆம் பின்னுக்கு நேராக வரும் சிக்னல், கம்ப்யூட்டரிலிருந்து வருவதை அமுக்கிவிடும். விளைவு, ஸ்கெட்சை (ஆர்டுயினோ புரோகிராமை) அப்லோட் செய்யும்போது ‘புரோகிராமர் இஸ் நாட் ரெஸ்பாண்டிங்’ அல்லது ‘நாட் இன் சிங்க்’ என்ற செய்தி. போர்டு போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக வாங்குபவர்கள் உண்டு. 0-ஆம் பின்னில் மாட்டிய வயரை உருவிவிட்டு மறுபடி அப்லோட் செய்தால் ஏறிவிடும்.

அதனால் ஊனோவில், சாதாரணப் பின்களையே சீரியல் போர்ட்டாக நடிக்க வைக்கும் சாஃப்ட்வேர் சீரியல் லைப்ரரியை எடுத்துக்கொள்வோம்: 10-ஆம் பின் வாங்க, 11-ஆம் பின் அனுப்ப. இஎஸ்பி32-இல் சீரியல்2: ஜிபிஐஓ 16 வாங்க, 17 அனுப்ப (ஜிபிஐஓ என்பது பின் எண்). வேகம் நொடிக்கு 9600 பிட்.

இணைப்பு இப்படி:

1. ஊனோவின் 11-இலிருந்து 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக இஎஸ்பி32-இன் 16-க்கு.
2. அதே 16-ஆம் பின் இருக்கும் வரிசையிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோஓம். இல்லையென்றால் 1 கிலோஓம் இரண்டைத் தொடராகப் போடுங்கள்.
3. இஎஸ்பி32-இன் 17-இலிருந்து ஊனோவின் 10-க்கு நேரான வயர்.
4. ஊனோவின் கிரவுண்டிலிருந்து இஎஸ்பி32-இன் கிரவுண்டுக்கு ஒரு வயர்.

முதல் இரண்டு வரிகளில் உள்ள ரெசிஸ்டர்கள் 5 வோல்ட்டை 3.3-ஆகக் குறைக்கின்றன. இஎஸ்பி32-இன் பின்கள் 5 வோல்ட்டைத் தாங்கும்படி செய்யப்பட்டவை அல்ல. நேராகக் கொடுத்தும் ஓடுகிறதே என்று சிலர் சொல்வார்கள். ஓடும்தான். பின்னுக்குள் இருக்கும் பாதுகாப்பு டயோடு அந்த அதிகப்படியை விழுங்கிக்கொண்டிருக்கும், என்றோ ஒரு நாள் அந்தப் பின் மட்டும் செத்துப்போகும். இரண்டு ரெசிஸ்டருக்குச் சோம்பல்பட்டு ஒரு போர்டை இழப்பது கட்டுப்படியாகாத பேரம்.

எதிர்த்திசையில் ரெசிஸ்டர் எதுவும் வேண்டாம். 5 வோல்ட்டில் ஓடும் ஊனோவின் சிப்பான ஏடிமெகா328பி, சப்ளையின் 0.6 மடங்கு, அதாவது 3 வோல்ட் வந்தாலே அதை ‘1’ என்று எடுத்துக்கொள்ளும். இஎஸ்பி32 கொடுப்பது 3.3. இடைவெளி 0.3 வோல்ட்தான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மேசைமேல் 15 சென்டிமீட்டர் வயரில் இது போதும். மோட்டாரும் ரிலேவும் ஓடும் பெட்டிக்குள் போதாது. அங்கே பிஎஸ்எஸ்138 மாஸ்ஃபெட் கொண்ட லெவல் ஷிஃப்டர் மாடியூலைப் போடுங்கள். அதில் உயர் பக்கத்துக்கு 5 வோல்ட், தாழ் பக்கத்துக்கு 3.3 வோல்ட், கிரவுண்டு எல்லாம் வர வேண்டும். தாழ் பக்கத்து சப்ளையை மாட்ட மறப்பது சகஜம். மறந்தால் ஷிஃப்டர் வேலை செய்யாது.

இஎஸ்பி32-இல் பின் தேர்வும் ஒரு கண்ணி. 34 முதல் 39 வரையிலான பின்கள் உள்ளீட்டுக்கு மட்டும். அவற்றில் அனுப்ப முடியாது. ரோவர் வகை மாடியூல்களில் 16, 17 இரண்டையும் உள்ளிருக்கும் பிஎஸ்ரேம் என்ற கூடுதல் மெமரி எடுத்துக்கொள்கிறது. அங்கே 25, 26 போன்ற வேறு பின்களுக்கு மாறுங்கள். ஜிபிஐஓ 12-ஐ மட்டும் வாங்கும் பின்னாக வைக்கவே கூடாது. சீரியல் வயர் சும்மா இருக்கும்போது உயர் நிலையில்தான் இருக்கும். போர்டு விழிக்கும் நேரத்தில் 12 உயர்வாக இருந்தால், ஃபிளாஷ் மெமரிக்கு 1.8 வோல்ட் கொடுக்க வேண்டும் என்று சிப் தீர்மானித்துக்கொள்ளும். வழக்கமான மாடியூல்களில் உள்ள ஃபிளாஷ் 3.3 வோல்ட்டுக்கானது, அதனால் பூட் ஆகாது. வயரை எடுத்தால் ஓடுகிறது, மாட்டினால் நின்றுவிடுகிறது என்ற புகாருக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இந்த 12-தான்.

சீரியல்2.பிகின் வரியில் பின் எண்களை எப்போதும் நீங்களே எழுதுங்கள். வரிசை: வேகம், 8என்1 அமைப்பு (8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட்), வாங்கும் பின், அனுப்பும் பின். வாங்குவது முன்னால், அனுப்புவது பின்னால். எண் எழுதாவிட்டால் வரும் இயல்பான பின்கள் இஎஸ்பி32-இன் ஆர்டுயினோ கோர் (ஆர்டுயினோ மென்பொருளில் சேர்க்கும் போர்டு தொகுப்பு) 3-ஆம் பதிப்பில் மாறிவிட்டன. பழைய பாடங்களில் இருக்கும் புரோகிராமை அப்படியே போட்டால் 16, 17 ஊமையாக இருப்பது அதனால்தான்.

கிரவுண்டு

இரண்டு போர்டுக்கும் பொதுக் கிரவுண்டு இல்லாமல் சீரியல் இல்லை. ‘1’ என்பதும் ‘0’ என்பதும் எதனோடு ஒப்பிட்டு என்பதைச் சொல்வது அந்த வயர்தான். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. ஆனாலும் விட்டுப்போகிறது, காரணம் விட்டுப்போனது தெரிவதில்லை. இரண்டு போர்டையும் ஒரே லேப்டாப்பின் யுஎஸ்பியில் மாட்டிச் சோதிக்கும்போது, யுஎஸ்பி கேபிள்கள் வழியாகவே கிரவுண்டு இணைந்துவிடுகிறது. எல்லாம் அருமையாக ஓடும். பிறகு பெட்டியில் வைத்து, ஆளுக்கொரு அடாப்டர் கொடுத்ததும் குப்பை எழுத்துகள் வரும், அல்லது ஒன்றுமே வராது. ‘லேப்டாப்பில் ஓடுகிறது, தனியாக ஓடவில்லை’ என்றால் வேறு எதையும் பார்க்கும் முன் கிரவுண்டு வயரைப் பாருங்கள்.

சோதிக்கும் முறை: சப்ளையையும் யுஎஸ்பியையும் முழுக்க எடுத்துவிட்டு, மீட்டரைக் கன்டினியூட்டியில் (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில்) வைத்து, ஒரு போர்டின் யுஎஸ்பி சாக்கெட் உலோகத்திலிருந்து மற்றதன் யுஎஸ்பி சாக்கெட் உலோகம் வரை தொடுங்கள். பீப் வர வேண்டும். நீளமான பிரெட்போர்டுகளில் ஓரத்தில் ஓடும் கிரவுண்டு வரிசை சில சமயம் நடுவில் வெட்டுப்பட்டிருக்கும். மேல் பாதியில் ஒரு போர்டும் கீழ்ப் பாதியில் மற்றொன்றும் இருந்தால் இடையில் தொடர்பே இருக்காது. ஜம்பர் வயர்களும் நம்பத்தக்கவை அல்ல. வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே முனையில் அறுந்திருக்கும். கன்டினியூட்டி பார்க்கும்போது வயரை ஆட்டிப் பாருங்கள். பீப் விட்டு விட்டு வந்தால் அதைத் தூக்கி எறியுங்கள், திரும்ப டப்பாவில் போடாதீர்கள்.

மின்சப்ளையையும் இங்கேயே முடித்துவிடலாம். ஊனோவின் 3.3 வோல்ட் பின் தரக்கூடியது 50 மில்லி ஆம்பியர்தான். வைஃபை அனுப்பும் நொடியில் இஎஸ்பி32 அதைப் போல் பல மடங்கு இழுக்கும். அதற்கு 500 மில்லி ஆம்பியராவது தரும் சப்ளை வேண்டும். ஊனோவின் அந்த 3.3 வோல்ட் பின்னிலிருந்து கொடுத்தால் ‘பிரவுன்அவுட்’ (வோல்டேஜ் சரிந்தது) என்ற செய்தியோடு போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சீரியல் பிழை போலவே தெரியும். இரண்டுக்கும் பொதுவான 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் ஒன்று போதும்.

அதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரு போர்டு அணைந்திருக்க மற்றது ஓடினால், ஓடுவதன் அனுப்பும் பின்னிலிருந்து மின்சாரம் அணைந்த போர்டுக்குள் கசியும். பவர் எல்இடி மங்கலாக எரியும். அந்தப் பாதி உயிரில் இருக்கும் சிப், சப்ளை வந்த பிறகும் சரியாக விழிக்காமல் போகலாம். இரண்டும் ஒரே சமயத்தில் எழுந்து ஒரே சமயத்தில் அணைந்தால் இந்தத் தொல்லை இல்லை.

மீட்டர் சொல்லும் கதை

இஎஸ்பி32 பக்கத்து வயரை உருவிவிட்டு, ஊனோவில் சாஃப்ட்வேர் சீரியல் பிகின் மட்டும் உள்ள ஸ்கெட்சை ஏற்றுங்கள். இரண்டு ரெசிஸ்டரும் சேரும் புள்ளிக்கும் கிரவுண்டுக்கும் நடுவே டிசி வோல்டேஜ் பாருங்கள்.

3.1 முதல் 3.4 வரை காட்டினால் சரி. யுஎஸ்பி சப்ளை 5-க்குச் சற்றுக் குறைவாக இருப்பதால் இந்த வித்தியாசம். 1.7 காட்டினால் ரெசிஸ்டர்கள் இடம் மாறியிருக்கின்றன: 2 கிலோஓம் மேலேயும் 1 கிலோஓம் கீழேயும் போய்விட்டது. இஎஸ்பி32 ஏறத்தாழ 2.5 வோல்ட்டுக்கு மேல்தான் ‘1’ என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும், எனவே இந்த நிலையில் அதற்கு எதுவும் கேட்காது. 5 காட்டினால் கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டரின் கால் சரியாக அமரவில்லை. அதைச் சரிசெய்யாமல் இஎஸ்பி32-ஐ மாட்டாதீர்கள். 0 காட்டினால் பிகின் ஓடவில்லை, அல்லது வயர் வேறு பின்னில் இருக்கிறது, அல்லது மேல் ரெசிஸ்டர் தொடவில்லை.

இப்போது ஊனோ லூப்பில் இடைவிடாமல் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘யு’வை அனுப்பட்டும். எண்ணாகச் சொன்னால் 85. ரைட் கட்டளையில் 85 என்று எழுதினாலே போதும். இந்த எழுத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு: ஒவ்வொரு எழுத்தின் முன்னும் பின்னும் போகும் ஸ்டார்ட் பிட்டையும் ஸ்டாப் பிட்டையும் சேர்த்தால் பத்து பிட்டும் 0, 1, 0, 1 என்று மாறி மாறி வரும். சரியான சதுர அலை. மீட்டரில் டிசி அளவு பாதியாக, 1.7 வோல்ட் அருகே இறங்கும். மீட்டரில் ஹெர்ட்ஸ் அளவு இருந்தால் 9600 வேகத்துக்கு 4800 அருகே காட்டும். பைட்டுகளுக்கு நடுவே கொஞ்சம் இடைவெளி விழுவதால் சற்றுக் குறையலாம். அளவு முன்பிருந்த 3.3-லேயே அசையாமல் நின்றால் ஊனோ எதையும் அனுப்பவில்லை என்று பொருள். அப்போது இஎஸ்பி32-இன் புரோகிராமைத் தோண்டுவது வீண்.

எந்தப் பின் அனுப்புவது, எது வாங்குவது என்ற சந்தேகம் மாடியூல்களை இணைக்கும்போது அடிக்கடி வரும். சிலர் தன் பின்னின் பெயரை அச்சிடுகிறார்கள், சிலர் எதிரில் மாட்ட வேண்டிய பின்னின் பெயரை அச்சிடுகிறார்கள். வெறும் வோல்டேஜை வைத்து முடிவு செய்யாதீர்கள்: சாஃப்ட்வேர் சீரியல் வாங்கும் பின்னுக்கும் உள் புல்-அப் (பின்னை 5 வோல்ட்டுக்கு இழுக்கும் ரெசிஸ்டர்) போடுவதால் அதுவும் 5 வோல்ட் காட்டும். பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 1 கிலோஓம் வைத்துவிட்டு அளந்து பாருங்கள். அனுப்பும் பின் அசையாது. வாங்கும் பின் கால் வோல்ட்டுக்குக் கீழே விழுந்துவிடும்.

ஒவ்வொன்றையும் தனியாகச் சோதிப்பது

இஎஸ்பி32-இல் 16-ஐயும் 17-ஐயும் ஒரு ஜம்பரால் இணைத்து, சீரியல்2-இல் அனுப்பியதே திரும்பி வருகிறதா என்று யுஎஸ்பி மானிட்டரில் பாருங்கள். வந்தால் அந்தப் பக்கத்துப் புரோகிராமும் பின்களும் சரி. இந்தச் சோதனை செய்யும்போது ஊனோவின் வயர்கள் எதுவும் அங்கே இருக்கக் கூடாது.

இதே சோதனையை ஊனோவில் 10-ஐயும் 11-ஐயும் இணைத்துச் செய்யாதீர்கள். சாஃப்ட்வேர் சீரியல் அனுப்பும் நேரத்தில் இன்டரப்ட்டுகளை, அதாவது ஓடும் வேலையை இடைமறித்துச் சிப்பைக் கூப்பிடும் அழைப்புகளை, நிறுத்திவிடும். அனுப்பிக்கொண்டே வாங்க அதனால் முடியாது. போர்டு நூறு சதவீதம் நன்றாக இருந்தாலும் சோதனை தோற்கும், நீங்கள் இல்லாத பிழையைத் தேடி அலைவீர்கள்.

ஊனோவின் யுஎஸ்பி பாதையைச் சோதிக்க வேறு வழி இருக்கிறது. ரீசெட் பின்னைக் கிரவுண்டோடு இணைத்துவிட்டால் மைக்ரோகன்ட்ரோலர் தூங்கிவிடும். 0, 1 பின்கள் யுஎஸ்பி சிப்பின் நேரடிக் கால்களாகிவிடும். இரண்டையும் ஜம்பரால் இணைத்து, மானிட்டரில் எதையாவது தட்டினால் அதுவே திரும்பி வர வேண்டும். வந்தால் கேபிள், டிரைவர், மானிட்டர் மூன்றும் சரி.

போர்டு வேறாக இருந்தால் ‘சீரியல்’ என்ற பெயர் எதைக் குறிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். லியோனார்டோவிலும் ஊனோ ஆர்4-இலும் ‘சீரியல்’ என்றால் யுஎஸ்பி மட்டும். 0, 1 பின்களுக்கு ‘சீரியல்1’ என்று எழுத வேண்டும். மெகா 2560 கையில் இருந்தால் சாஃப்ட்வேர் சீரியலே தேவையில்லை. அதில் நான்கு ஹார்ட்வேர் போர்ட்டுகள் உண்டு. சாஃப்ட்வேர் சீரியல்தான் வேண்டுமென்றால், மெகாவில் எல்லாப் பின்னிலும் அது வாங்காது. 10 போன்ற குறிப்பிட்ட சிலவற்றில் மட்டும்தான்.

குப்பை எழுத்துகள் வந்தால்

ஏதோ வருகிறது, ஆனால் படிக்க முடியவில்லை என்றால் மகிழ்ச்சி அடையுங்கள். வயரிங் பெரும்பாலும் சரி. வேகம்தான் பொருந்தவில்லை. முதலில் மூன்று எண்களைத் தனித்தனியாகப் பாருங்கள்: ஊனோவின் சாஃப்ட்வேர் சீரியல் வேகம், இஎஸ்பி32-இன் சீரியல்2 வேகம், கம்ப்யூட்டர் மானிட்டரின் வேகம். முதல் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றாவது, மானிட்டர் எந்தப் போர்டில் இருக்கிறதோ அந்தப் போர்டின் ‘சீரியல்’ வேகத்தோடு மட்டும் பொருந்த வேண்டும். இந்த மூன்றாவதுதான் பலரையும் ஏமாற்றுகிறது: இரண்டு போர்டும் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருக்கும், மானிட்டர் மட்டும் தவறான வேகத்தில் உட்கார்ந்து குப்பையைக் காட்டும்.

எண்ணிக்கையும் ஒரு துப்பு. பத்து எழுத்து அனுப்பி நான்கைந்துதான் வந்தால், வாங்கும் பக்கம் மெதுவாகப் படிக்கிறது. பத்துக்கு அதிகமாக வந்தால் அது வேகமாகப் படிக்கிறது.

லாஜிக் அனலைசர் இருந்தால் ஊகமே வேண்டாம். ஒரு மெகாஹெர்ட்ஸ் சாம்பிளிங்கில் பதிவு செய்து, மிகக் குறுகிய பல்ஸின் அகலத்தை அளந்துவிடுங்கள். 104 மைக்ரோ நொடி என்றால் 9600. 52 என்றால் 19200. 26 என்றால் 38400. 8.7 அருகே என்றால் 115200. 208 காட்டினால் 4800. புரோகிராமில் 9600 என்று எழுதியிருந்தும் இது வந்தால், 8 மெகாஹெர்ட்ஸில் ஓடும் போர்டுக்கு 16 மெகாஹெர்ட்ஸ் போர்டு என்று டூல்ஸ் மெனுவில் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். 3.3 வோல்ட் புரோ மினியில் இது வாடிக்கை. அனலைசர் இல்லாதவர்கள் பிளிங்க் ஸ்கெட்சை ஏற்றிப் பார்க்கலாம்: ஒரு நொடிக்கு ஒரு முறை மாற வேண்டிய எல்இடி இரண்டு நொடிக்கு ஒரு முறை மாறினால் அதே நோய்தான்.

வேகங்கள் ஒன்றாக எழுதியிருந்தும் குப்பை வரலாம். 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தைப் பிரித்து 115200-ஐச் சரியாக எடுக்க முடியாது. ஏடிமெகா328பி-இன் ஹார்ட்வேர் போர்ட் உண்மையில் ஓடுவது 117647-இல்; 2.1 சதவீதப் பிழை. எதிர்ப் பக்கம் துல்லியமாக இருந்தால் தாங்கும், அதுவும் கொஞ்சம் விலகியிருந்தால் தாங்காது. 8 மெகாஹெர்ட்ஸில் பிழை 3.5 சதவீதம். 9600, 19200, 38400 மூன்றிலும் 16 மெகாஹெர்ட்ஸுக்குப் பிழை 0.2 சதவீதம்தான். சாஃப்ட்வேர் சீரியலோ 115200-இல் நம்பத்தக்கதே அல்ல. 9600-இல் ஒரு நொடிக்கு 960 பைட் போகும். வெப்பமும் ஈரப்பதமும் அனுப்ப அதில் ஒரு துளி போதும். வேகத்தைக் கூட்டுவதால் இங்கே லாபம் எதுவும் இல்லை.

குப்பை போர்டு விழிக்கும்போது மட்டும் வந்து பிறகு சரியாகிவிடுகிறதா? அது பூட் செய்தி. இஎஸ்பி32 தன் ஜிபிஐஓ 1-இல் 115200 வேகத்தில் தன் நிலவரத்தை அச்சிடும். அதன் முன்னோடியான இஎஸ்பி8266 அதையே 74880 என்ற விநோத வேகத்தில் செய்யும். 26 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்ட போர்டில், 40 மெகாஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்ட 115200 அப்படிச் சுருங்கிவிடுகிறது. அந்தப் பின்னில் ஊனோவை மாட்டாமல் 17-இல் மாட்டினால் இந்தச் சத்தம் காதில் விழாது.

எதிர் போர்டு ரீசெட்டில் இருக்கும்போது சீரியல் வயர் அந்தரத்தில் மிதக்கும். அப்போதும் பொய் பைட்டுகள் முளைக்கும். இந்த வயரிங்கில் ஊனோவின் 10-க்கு உள் புல்-அப் இருக்கிறது. இஎஸ்பி32-இன் 16-ஐ 2 கிலோஓம் கீழே இழுக்கிறது. அதனால் ஊனோ ரீசெட் ஆகும் கணத்தில் இஎஸ்பி32 ஓரிரு பூஜ்ய பைட்டுகளைப் பார்ப்பது இயல்பு. அதைத் தள்ளிவிடுவது புரோகிராமின் வேலை. கம்ப்யூட்டரில் சீரியல் மானிட்டரைத் திறந்தாலே ஊனோ ரீசெட் ஆகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பாதி வருகிறது, பாதி காணவில்லை

இங்கிருந்துதான் புரோகிராம். பழைய புரோகிராமை ஓரமாக வைத்துவிட்டு, ‘1, 2, 3’ என்று எண்ணிக்கொண்டே போகும் ஒரு சிறிய ஸ்கெட்சை அனுப்பும் பக்கம் போடுங்கள். எந்த எண் விடுபட்டது என்று உடனே தெரியும். சென்சார் அளவை வைத்துச் சோதித்தால் 28.4-க்கு அடுத்து 28.4 வந்தது சரியா, நடுவில் ஒன்று தொலைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

விடுபடுவதற்கு முதல் காரணம் டிலே, அதாவது புரோகிராமைக் காத்திருக்க வைக்கும் கட்டளை. ஊனோவில் வாங்கும் பஃபர் (வந்த பைட்டுகள் காத்திருக்கும் இடம்) 64 பைட்டுதான், ஹார்ட்வேரிலும் சாஃப்ட்வேரிலும். 9600-இல் ஒரு பைட் வர 1.04 மில்லி நொடி. 67 மில்லி நொடியில் பஃபர் நிரம்பிவிடும். அதன்பின் வருவது சத்தமில்லாமல் வீணாகும். வாங்கும் பக்கத்து லூப்பில் டிலே 1000 என்று ஒரு வரி இருந்தால், தொடர்ந்து அனுப்பும்போது பெரும்பகுதி தொலைவது கணக்கிலேயே தெரிகிறது. டிலேயை எடுத்துவிட்டு, நிற்காமல் கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்யும் மில்லிஸ் முறைக்கு மாறுங்கள். இஎஸ்பி32-இல் இயல்பான பஃபர் 256 பைட்; பெரிதாக்க வேண்டுமானால் அந்தக் கட்டளை பிகினுக்கு முன்னால் வர வேண்டும், பின்னால் எழுதினால் பலிக்காது.

இரண்டாவது, இன்டரப்ட்டை நிறுத்தும் லைப்ரரிகள். நியோபிக்சல் வகை எல்இடி ஒவ்வொன்றுக்கும் 30 மைக்ரோ நொடி பிடிக்கும், அந்த நேரம் முழுக்க இன்டரப்ட் கிடையாது. 60 எல்இடி கொண்ட பட்டைக்கு 1.8 மில்லி நொடி. சாஃப்ட்வேர் சீரியலுக்கு ஒரு பிட் 104 மைக்ரோ நொடி என்பதால், அந்த இடைவேளையில் வரும் பைட்டுகள் சிதைந்துபோகும். டிஎச்டி வெப்ப சென்சார் லைப்ரரிகளும் சர்வோ லைப்ரரியும் சிறிய அளவில் இதே தொல்லையைத் தரும். ஊனோ அனுப்புவது மட்டும் என்று வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் மறையும். ஊனோ வாங்கவும் வேண்டுமென்றால், இஎஸ்பி32 ‘தயாரா’ என்று ஒரு எழுத்தைக் கேட்டு, பதில் வந்த பிறகு அனுப்பும்படி வையுங்கள்.

ஊனோவில் இரண்டு சாஃப்ட்வேர் சீரியல் வைத்தால் ஒரு சமயத்தில் ஒன்றுதான் கேட்கும். கடைசியாகப் பிகின் செய்ததுதான் கேட்டுக்கொண்டிருக்கும். மற்றதற்கு மாற லிசன் கட்டளை கொடுக்க வேண்டும். ஜிபிஎஸ் ஒரு பக்கம், இஎஸ்பி32 இன்னொரு பக்கம் என்று மாட்டுபவர்கள் இதில் சிக்குவார்கள்.

எழுத்து சரி, அர்த்தம் தப்பு

மானிட்டரில் ‘ஆன்’ என்று அழகாகத் தெரிகிறது, ஆனால் இஃப் நிபந்தனை பலிக்கவில்லை. பிரிண்ட்எல்என் ஒவ்வொரு வரியின் முடிவிலும் 13, 10 என்ற இரண்டு கண்ணுக்குத் தெரியாத பைட்டுகளைச் சேர்க்கும். ரீட்ஸ்ட்ரிங்அன்டில் கட்டளையில் 10 வரை படிக்கச் சொன்னால் 13 உள்ளேயே தங்கிவிடும், ஒப்பீடு தோற்கும். ட்ரிம் போட்டால் தீர்ந்தது. சந்தேகம் வரும்போது எழுத்தாக அச்சிடாமல் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாக அச்சிட்டுப் பாருங்கள். ஒளிந்திருப்பது வெளியே வரும். அந்த ரீட்ஸ்ட்ரிங் வகைக் கட்டளைகள், எதிர்பார்த்த முடிவு வராவிட்டால் ஒரு நொடி முழுக்கக் காத்திருக்கும் என்பதும் தெரிந்திருக்கட்டும். ‘எல்லாம் ஒரு நொடி தாமதமாக நடக்கிறது’ என்ற புகார் அங்கிருந்துதான் வருகிறது.

பிரிண்ட்டில் 65 கொடுத்தால் ‘6’, ‘5’ என்று இரண்டு எழுத்து போகும். ரைட்டில் 65 கொடுத்தால் ஒரே பைட் போகும். ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் மற்றொன்று என்றால் கணக்கு ஒத்துவராது.

ஸ்ட்ரக்ட்டை (பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பை) அப்படியே பைட்டுகளாக அனுப்புபவர்களுக்கு இந்த ஜோடி தனியாக ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. ஊனோவில் இன்ட் 2 பைட், இஎஸ்பி32-இல் 4. ஊனோவில் டபுள் 4 பைட், இஎஸ்பி32-இல் 8. போதாததற்கு இஎஸ்பி32 உறுப்புகளை அவற்றின் அளவுக்கேற்ற எல்லையில் நிறுத்த நடுவில் வெற்று பைட்டுகளைச் செருகும், ஊனோ செருகாது. எனவே 16 பிட், 32 பிட் என்று அளவு சொல்லும் வகைகளையே பயன்படுத்துங்கள், டபுளை விட்டு ஃப்ளோட்டுக்கு வாருங்கள், ஸ்ட்ரக்ட்டுக்குப் பேக்டு என்று குறியிடுங்கள், இரண்டு பக்கமும் சைஸ்ஆஃப் அச்சிட்டு ஒரே எண் வருகிறதா என்று பாருங்கள். இவ்வளவு வேலை எதற்கு என்று தோன்றினால், எழுத்தாகவே அனுப்புங்கள். சில சென்சார் அளவுகளுக்கு எழுத்து வடிவமே நல்லது. கோளாறு வந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கலாம்.

எழுத்தாக அனுப்பினாலும் எல்லைக் குறி அவசியம். வாங்கும் பக்கம் எந்த நொடியில் விழிக்கும் என்று யாருக்கும் தெரியாது. 1234 என்பதன் நடுவில் விழித்தால் 34 என்று படித்துவிடும். செய்தியை <28.4,61> போல் அடைப்புக்குள் வையுங்கள். வாங்கும் பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருக்கும் பைட்டுகளை ஒவ்வொன்றாக எடுக்கட்டும். ‘<’ வந்தால் எண்ணியைப் பூஜ்யமாக்கிப் பதிவைத் தொடங்கு. ‘>’ வந்தால் முடிவில் பூஜ்யம் வைத்துச் செய்தியைப் பிரி. மற்றவை வந்தால், பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது, பதிவுக்கு ஒதுக்கிய 32 பைட்டில் முடிவுப் பூஜ்யத்துக்குப் போக இன்னும் இடம் இருக்கிறது என்றால் மட்டும் சேர். இடம் தீர்ந்தால் பதிவை ரத்து செய். பூட் செய்தியும் ரீசெட் குப்பையும் இந்த வாசலிலேயே நின்றுவிடும்.

அதையும் தாண்டி ஒரு இலக்கம் மாறி வரலாம். அதற்கு எல்லா எழுத்துகளையும் எக்ஸ்ஆர் செய்து (பிட் பிட்டாக ஒப்பிட்டு, வேறுபட்டால் 1 என்று வைத்து) கிடைக்கும் ஒரு பைட்டைக் கடைசியில் சேர்த்து அனுப்புங்கள். ஜிபிஎஸ் மாடியூல்கள் அனுப்பும் வாக்கியங்களில் நட்சத்திரக் குறிக்குப் பின் வருவது இதுதான். பொருந்தாத செய்தியைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருங்கள்.

வயர் நீளமானால்

மேலே சொன்ன எல்லாம் ஒரே பெட்டிக்குள் இருக்கும் போர்டுகளுக்கு. ஒரு மீட்டர் வரை 9600-இல் சமாளிக்கலாம். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து கீழ்த்தள மோட்டார் அறைக்கு என்றால், இரண்டு வயர்களுக்கு நடுவே உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தில் டேட்டாவை அனுப்பும் ஆர்எஸ்-485-க்கு மாறுவதுதான் வழி. முறுக்கிய ஜோடி வயரில் குறைந்த வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும். ஊனோ பக்கம் மாக்ஸ்485 மாடியூல், இஎஸ்பி32 பக்கம் 3.3 வோல்ட்டில் ஓடும் மாக்ஸ்3485 வகை. நீள வயரின் இரு முனைகளிலும் 120 ஓம். ஏ-ஐ ஏ-யோடும் பி-ஐ பி-யோடும் இணையுங்கள், இங்கே குறுக்கு மாற்றம் கிடையாது. சில தயாரிப்பாளர்கள் ஏ, பி பெயர்களைத் தலைகீழாக வைத்திருப்பதால், ஒன்றுமே வரவில்லை என்றால் ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டையும் மாற்றிப் பாருங்கள், எதுவும் கெட்டுவிடாது.

எல்லாம் சரியாகி, ஒவ்வொரு செய்தியிலும் கடைசி எழுத்து அல்லது இரண்டு மட்டும் வெட்டுப்பட்டு வந்தால், ஹார்ட்வேர் போர்ட்டில், ஆர்எஸ்-485 மாடியூலை அனுப்பும் நிலையில் வைக்கும் அனுமதிப் பின்னைச் சீக்கிரம் இறக்குகிறீர்கள். பிரிண்ட் கட்டளை பஃபரில் போட்டுவிட்டுத் திரும்பிவிடும். பைட்டுகள் அப்போதுதான் வயரில் போய்க்கொண்டிருக்கும். பிரிண்ட்டுக்குப் பிறகு, எல்லாம் போய்முடியும் வரை காத்திருக்கும் ஃபிளஷ் கட்டளை, அதன் பிறகு அனுமதிப் பின்னை இறக்குவது என்ற வரிசையில் எழுதினால் கடைசி எழுத்தும் போய்ச் சேரும்.